தொகுதிக் கணிப்பும் துண்டுச்சீட்டும்

2024 ஜூன் மாதக் கடைசியில், பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தேர்தலுக்குச் சில நாள் முன்பு, வடமேற்கு லண்டனில் நான் வசிக்கும் தொகுதியின் வேட்பாளர்கள் பங்கேற்ற விவாதக் கூட்டம் ஒன்று தேவாலய மண்டபத்தில் நடந்தது. இங்கே அதை ஹஸ்டிங்ஸ் என்பார்கள். நம் ஊர்ப் பொதுக்கூட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். மடக்கு நாற்காலிகள், ஒரு மூலையில் தேநீரும் பிஸ்கட்டும், நடுவராகப் பாதிரியார், அவர் கையருகே முட்டை வேகவைக்க நேரம் பார்க்கும் சிறிய கடிகாரம் என்று இருந்தது. ஒவ்வொருவருக்கும் முதலில் இரண்டு நிமிடம். மணி அடித்துவிட்டால் வாக்கியம் பாதியில் நின்றாலும் உட்கார்ந்துவிட வேண்டும். கேள்விகளைத் துண்டுச்சீட்டில் எழுதி முன்பே கொடுத்துவிட வேண்டும். ஒரு வேட்பாளர் வரவேயில்லை. அவருடைய பெயர் அட்டையை மட்டும் காலி நாற்காலிக்கு முன்னால் கடைசிவரை வைத்திருந்தார்கள்.

பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துப் பெரியவரையும் வரும்படி அழைத்திருந்தேன். “உதுக்குப் போய் என்ன பிரயோசனம், தம்பி? ஆர் வெல்லுறது எண்டு போனிலேயே போட்டிருக்கு” என்று சொல்லி, அஞ்சல் குறியீட்டைத் தட்டினால் தொகுதியின் முடிவைக் காட்டும் பக்கத்தை எடுத்து நீட்டினார். நாற்பது ஆண்டுகளாக ஒரு தேர்தலையும் தவறவிடாதவர் அவர். அன்று அவர் சொன்னதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. அதனால் இந்தப் பதிவு.

அந்தப் பக்கங்களில் வரும் எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். எம்ஆர்பி எனப்படும் இந்த முறையில், நாடு முழுவதும் பல்லாயிரம் பேரிடம் கேட்டு, வயது, படிப்பு, சொந்த வீடா வாடகை வீடா, முன்பு யாருக்கு வாக்களித்தார்கள் என்பவற்றுக்கும் இப்போதைய விருப்பத்துக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிட்டு, அதே வகை மனிதர்கள் ஒவ்வொரு தொகுதியிலும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைக் கொண்டு முடிவை ஊகிக்கிறார்கள். வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் யூகவ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் வெளியிட்ட கடைசிக் கணிப்புக்கு ஏறத்தாழ 48,000 பேரிடம் கேட்டார்கள். 650 தொகுதிகளுக்குப் பங்கிட்டால் தொகுதிக்கு எழுபத்து நான்கு பேர் வருகிறார்கள். எங்கள் தெருவில் மட்டுமே அதைவிட அதிகமான வாக்காளர்கள் இருக்கிறார்கள்.

நாடு தழுவிய கூட்டுத்தொகையாக இந்த முறை மோசமில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். யூகவ் லேபர் கட்சிக்கு 431 இடங்கள், கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 102 என்றது. வந்தவை 411, 121. லிபரல் டெமாக்ரட் கட்சிக்குச் சொன்ன 72 அப்படியே பலித்தது. அதே வாரத்தில் அதே முறையைப் பின்பற்றிய சர்வேஷன் நிறுவனம் கன்சர்வேட்டிவுக்கு 64 இடங்கள்தான் என்று சொல்லியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இதன் எல்லை புரியும். ஒரு தொகுதியில் கூடுவது இன்னொரு தொகுதியில் குறைந்து மொத்தத்தில் கணக்கு ஓரளவுக்கு நேராகிவிடுகிறது. தனித்தனித் தொகுதியைப் பொறுத்தவரை அந்தச் சலுகை கிடையாது.

ஏனென்றால் தொகுதியைத் தொகுதியாக்குவது அங்கே மட்டும் நடப்பதுதான். சிங்ஃபர்டு அண்ட் உட்ஃபர்டு கிரீன் தொகுதியில், லேபர் கடைசி நேரத்தில் விலக்கிய ஃபைசா ஷாஹீன் சுயேச்சையாக நின்று 12,445 வாக்குகள் வாங்கினார். அவருக்குப் பதிலாக நிறுத்தப்பட்ட லேபர் வேட்பாளர் 12,524 வாங்கினார். இருவருக்கும் நடுவே புகுந்து கன்சர்வேட்டிவ் வேட்பாளர் இயன் டங்கன் ஸ்மித் 17,281 வாக்குகள் வாங்கித் தப்பித்துக்கொண்டார். முன்பு லேபரில் இருந்த இரண்டு முன்னாள் எம்பிக்களும் லேபர் வேட்பாளரும் மோதிக்கொண்ட லெஸ்டர் ஈஸ்ட், நாடே லேபர் பக்கம் சாய்ந்த அன்று, கன்சர்வேட்டிவ் கட்சி லேபரிடமிருந்து பறித்த ஒரே தொகுதி ஆனது. எங்களுக்கு அருகிலிருக்கும் ஹாரோ ஈஸ்டில் பாப் பிளாக்மன் 53 விழுக்காட்டுக்கு மேல் வாங்கினார். அந்தத் தேர்தலில் பாதிக்கு மேல் வாக்கு வாங்கிய கன்சர்வேட்டிவ் வேட்பாளர் அவர் ஒருவரே. 2015இல் அதே தொகுதியில் அவரிடம் தோற்ற உமா குமரன்தான் 2024இல் ஸ்ட்ராட்ஃபர்டு அண்ட் போவில் வென்று முதல் தமிழ் எம்பியாக நாடாளுமன்றம் சென்றார். ஹாரோ ஈஸ்டின் வீடுகளுக்கும் வயதுக்கும் படிப்புக்கும் உரிய சராசரி, அங்குள்ள கோயில் குழுக்களும் குஜராத்திக் குடும்பங்களும் பிளாக்மனோடு பல ஆண்டுகளாக வைத்திருக்கும் பழக்கத்தைச் சொல்லிவிடாது. அவருடைய அரசியலில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்த உழைப்பை மறுக்க முடியாது.

கூட்டத்துக்கு வருகிறேன். நான் எழுதிக் கொடுத்த சீட்டு நான்காவதாக வந்தது. வெளிநாட்டிலிருக்கும் கணவனையோ மனைவியையோ அழைத்துவரக் காட்ட வேண்டிய ஆண்டு வருமானம் அந்த ஏப்ரலில்தான் 18,600 பவுண்டிலிருந்து 29,000 ஆகியிருந்தது. அதைப் படிப்படியாக 38,700 வரை ஏற்றும் திட்டமும் அறிவிக்கப்பட்டிருந்தது. கடையிலும் முதியோர் இல்லத்திலும் வேலை செய்யும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தச் சம்பளம் இருக்கிறது? ஒருவர் நிபுணர் குழு பார்த்துச் சொல்லட்டும் என்றார். இன்னொருவர் வருமான வரம்பே கூடாது என்றார். மூன்றாமவருக்கு அந்தத் தொகை எவ்வளவு என்பதே தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் எனக்குக் கிடைத்தது எந்த எம்ஆர்பி பட்டியலிலும் இல்லை. மற்றபடி அன்றைய கேள்விகளில் பாதி குப்பைத் தொட்டி, வாகன நிறுத்தம் பற்றியவை. அவை கவுன்சிலின் வேலை என்று பாதிரியாரே மூன்று முறை நினைவூட்ட வேண்டியிருந்தது.

கணிப்பைப் பார்த்து வாக்கை மாற்றிப் போடுவது தவறு என்று நான் சொல்லவில்லை. முதலில் வருபவரே வெல்லும் முறையில், பிடிக்காதவரைத் தோற்கடிக்க இரண்டாமவருக்குப் போடுவது நியாயமான தந்திரமே. ஆனால் அந்த இரண்டாமவர் யார் என்பதையே எழுபத்து நான்கு பேரை வைத்து ஊகித்த எண்ணிடம் கேட்கிறோம். சவுத் வெஸ்ட் நார்ஃபோக்கில் முன்னாள் பிரதமர் லிஸ் டிரஸ் 630 வாக்கு வித்தியாசத்தில் தோற்றபோது, வென்றவருக்குக் கிடைத்தது 26.7 விழுக்காடுதான். நான்கு ஐந்து கட்சிகள் இப்படிப் பங்குபோடும் இடத்தில் கணிப்பு மூன்று புள்ளி பிசகினாலும் முதல் இடத்தில் இருப்பவர் மூன்றாம் இடத்துக்குப் போய்விடலாம். ரிஃபார்ம், கிரீன் கட்சிகளும் வளர்ந்திருக்கும் நிலையில், 2029 ஆகஸ்ட் மாதத்துக்குள் வரவேண்டிய அடுத்த தேர்தலில் இத்தகைய தொகுதிகள் பெருகவே செய்யும். நம் வாட்ஸ்அப் குழுக்களில் வண்ணம் பூசிய தொகுதி வரைபடங்களை அனுப்புகிறவர்கள், அவற்றோடு அந்தக் கணிப்பின் மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் சேர்த்து அனுப்பினால் நல்லது. நிறுவனங்கள் அவற்றையும் வெளியிடத்தான் செய்கின்றன, யாரும் கீழே உருட்டிப் பார்ப்பதில்லை.

இந்தியக் கடவுச்சீட்டோடு, காமன்வெல்த் குடிமகன் என்ற முறையில் இங்கே வாக்களிப்பவன் நான். பெரியவர் பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கி வெகுகாலம் ஆகிறது. போன வாரம் வேலியோரம் பேசிக்கொண்டிருந்தபோது மருமகளின் விசா இன்னும் இழுபறியில் இருப்பதாகச் சொன்னவர், அந்த மாதிரிக் கூட்டத்தில் கேள்வியை ஆங்கிலத்தில்தான் எழுதிக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டார். நான் எழுதித் தருகிறேன் ஐயா என்றேன்.