பறவைகளைப் பார்க்க வருகிறீர்களா, விரட்ட வருகிறீர்களா?

ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு நிற்க நம்மால் ஏன் முடியவில்லை என்று எனக்குப் புரியவே இல்லை. சென்னையைச் சுற்றி எந்த ஏரிக்கரைக்குப் போனாலும், எந்தச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் போய் நின்றாலும், பறவையின் குரலுக்கு முன்னால் மனிதனின் கூச்சல்தான் காதில் வந்து விழுகிறது. விடுமுறை நாளில் தூக்கத்தைத் துறந்து, பெட்ரோல் செலவழித்து, குடும்பத்தோடு அத்தனை தூரம் வருகிறவர்கள், எதைப் பார்க்க வந்தார்களோ அதையே விரட்டிவிட்டு, "இங்கே ஒன்றும் பெரிதாக இல்லை" என்று சலித்துக்கொண்டு திரும்பிப் போகிறார்கள். பல ஆண்டுகளாக இதைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிகிறது. இனியும் மனத்துக்குள் வைத்துப் புழுங்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

இந்த ஊருக்கு வாய்த்திருப்பது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எதை இழக்கிறோம் என்று தெரிந்தால்தான் என் கோபம் விளங்கும். நகரத்தின் நடுவிலேயே, ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர் பரப்பில், வெளிமானும் புள்ளிமானும் மேய்கிற கிண்டி தேசியப் பூங்கா இருக்கிறது. தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இருக்கிறது. குப்பைமேடும் சாலைகளும் கட்டடங்களும் தின்றது போக மிஞ்சிய பகுதிதான் என்றாலும், 2022ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெறும் அளவுக்கு அது இன்னும் உயிரோடிருக்கிறது. அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரம் இருக்கிறது. வடக்கே, சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடு இருக்கிறது. பூநாரைகள் அங்கே கூட்டம் கூட்டமாக இறங்குகின்றன. செங்கல்பட்டைத் தாண்டினால் வேடந்தாங்கல், அதன் அருகிலேயே கரிக்கிலி. இத்தனையும் இரண்டு, இரண்டரை மணி நேரப் பயணத்துக்குள் அடங்கிவிடுகின்றன. வேறு எத்தனை பெருநகரங்களுக்கு இந்தக் கொடுப்பினை உண்டு?

வேடந்தாங்கலையே எடுத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும், தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களிலும் கருவேல மரங்களிலும் நத்தைகுத்தி நாரையும், அரிவாள்மூக்கனும், கரண்டிவாயனும், பாம்புத்தாராவும், கூழைக்கடாவும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. காட்டுக்குள் நடக்க வேண்டியதில்லை, முள்ளில் சிக்க வேண்டியதில்லை. கரைமேல் நின்றாலே கூட்டுக்குள் நடப்பதெல்லாம் தெரியும். மாலையில் இரை தேடிப் போன பறவைகள் வரிசை வரிசையாக வந்து இறங்கும் நேரத்தில் அந்தக் கரையில் நிற்பதைவிடப் பெரிய சுகம் இந்த வட்டாரத்தில் எதுவும் இல்லை என்பது என் முடிவு.

சென்ற ஆண்டு தை மாதத்தில், அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், எனக்குச் சற்றுத் தள்ளி ஓர் இளைஞர் குழு ப்ளூடூத் ஸ்பீக்கரைக் கரையில் வைத்துக் குத்துப்பாட்டை அலறவிட்டது. அது போதாதென்று, ஒருவர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எறிடா, பறக்கும்போது எடுக்கிறேன்" என்றார். மற்றவர் காலடியில் கிடந்த சரளைக் கல்லை எடுத்து, கரைக்கு மிக அருகில் இருந்த மரத்தை நோக்கி வீசினார். கல் மரத்தில் படவில்லை, அடியில் தண்ணீரில்தான் விழுந்தது; ஆனாலும் அந்த மரத்தில் இருந்த நாரைகள் அத்தனையும் ஒரே வீச்சில் எழுந்தன. குச்சிகளை அடுக்கிய கூட்டில் இன்னும் சரியாகச் சிறகு முளைக்காத மூன்று குஞ்சுகள் கழுத்தை நீட்டிக்கொண்டு தனியாகக் கிடந்தன. காகம் ஒன்று தாழ வந்து அந்தக் கூட்டின் விளிம்பில் உட்கார்ந்தது. தாயோ தந்தையோ, ஒரு நாரை திரும்பி வந்து இறங்கிய பிறகுதான் அது எழுந்து போனது. இவ்வளவும் நடந்து முடிவதற்குள் கரையில் இருந்தவர்களில் சிலர் கைதட்டி முடித்திருந்தார்கள். நான் போய்க் கேட்டதற்குக் கிடைத்த பதில்: "சார், நாங்களும் டிக்கெட் எடுத்துத்தான் வந்திருக்கிறோம்."

அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. கூட்டில் உட்கார்ந்திருக்கும் பறவை ஓய்வெடுத்துக்கொண்டிருப்பதாகவா நினைக்கிறார்கள்? சுள்ளென்று அடிக்கும் வெயிலில் இறக்கையை விரித்துத் தன் உடம்பையே நிழலாக்கிக் குஞ்சுகளைக் காத்துக்கொண்டிருக்கிறது அது. அது எழுந்து போனால், போன நேரம் முழுவதும் முட்டை காயும், குஞ்சு வாடும், காகத்துக்கும் பருந்துக்கும் வேளை வரும். பதற்றத்தில் குஞ்சு தவறித் தண்ணீரில் விழுந்தால் அதோடு முடிந்தது. பிள்ளை பெற்ற வீட்டின் வாசலில் போய் யாராவது மேளம் அடிப்பார்களா? ஆயிரக்கணக்கான தாய்மார்கள் ஒரே இடத்தில் பிள்ளை பெற்றிருக்கும் ஏரிக்கரையில் மட்டும் அது எப்படி உல்லாசம் ஆகிறது?

அந்த ஊர்க்காரர்களை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் துப்பாக்கியோடு வந்த சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டபோது, வேடந்தாங்கல் மக்கள் நேரே ஆட்சியரிடம் போய் முறையிட்டார்கள். 1798ஆம் ஆண்டில் லயோனல் பிளேஸ் என்ற ஆட்சியர், அந்தப் பறவைகளைக் காக்கும் உரிமையை ஒப்புக்கொண்டு அவர்களுக்கு எழுத்தில் கொடுத்தார். பறவையின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் வயல் செழிக்கும் என்பதை அந்த உழவர்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே அறிந்திருந்தார்கள். சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. சிறு குழந்தைக்கு ஒரு வெடி வாங்கிக் கொடுக்கும் ஆசையைக்கூட அவர்கள் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். நகரத்திலிருந்து போகும் படித்த நாம் ஒரு ஸ்பீக்கரை அணைக்க மாட்டோம் என்கிறோம்.

பள்ளிக்கரணையில் கதை வேறு விதம். துரைப்பாக்கத்தையும் பல்லாவரத்தையும் இணைக்கும் அகலச் சாலை சதுப்பு நிலத்தின் ஊடாகப் போவதால், பூநாரைகள் வந்திருக்கின்றன என்ற செய்தி வாட்ஸ்அப்பில் பரவிய மறுநாளே சாலையோரம் முழுவதும் வண்டிகள் நிற்கத் தொடங்கிவிடுகின்றன. ஹாரன் சத்தத்துக்குப் பறவைகள் ஓரளவு பழகியிருக்கின்றன. பழகாதது, கரையிலிருந்து இறங்கிச் சேற்றுக்குள் அவற்றை நோக்கி நடந்து வரும் மனிதனும், தலைக்குமேல் வந்து ரீங்காரமிடும் ட்ரோனும்தான். பூநாரை சட்டென்று எழும்பிவிடும் பறவை இல்லை. தண்ணீரின்மேல் பல அடிகள் ஓடி, உந்தி, அதன் பிறகுதான் அது மேலெழ முடியும். ஒவ்வொரு முறையும் அதற்குச் செலவாவது, தலையைக் கவிழ்த்து மணிக்கணக்கில் சேற்றை அரித்துத் தின்று சேர்த்த சக்தி. குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து வரும் நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்றவையும் அப்படித்தான்: திரும்பிப் பறக்க வேண்டிய ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்களுக்குத் தேவையான கொழுப்பை இங்கேதான் சேர்த்துக்கொண்டு போக வேண்டும். இருபது விநாடி ரீல்ஸுக்காக நாம் கரைப்பது அந்தக் கொழுப்பைத்தான்.

ஏதுமறியாமல் கூச்சலிடுபவர்களையாவது ஒரு வகையில் மன்னித்துவிடலாம். எல்லாம் தெரிந்த படப்பிடிப்பாளர்கள் சிலர் செய்வதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. மழைக்காலத் தொடக்கத்தில் ஆறுமணிக் குருவி வடக்கிலிருந்து வந்து சென்னைத் தோட்டங்களில் இறங்கும். இரவெல்லாம் பறந்து களைத்து, சில சமயம் வீட்டு மாடத்திலும் கார் நிறுத்துமிடத்திலும் சுருண்டு கிடக்கும் அளவுக்குச் சோர்ந்துதான் அது வருகிறது. அந்த நிலையில் இருக்கும் பறவையைப் புதரிலிருந்து வெளியே இழுப்பதற்காக, அதன் குரலைக் கைப்பேசியில் பதிந்து வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப ஒலிக்கவிடுகிறார்கள். தன் இடத்துக்கு இன்னொரு பறவை போட்டிக்கு வந்துவிட்டது என்று நம்பி, இலைச் சருகைக் கிளறிப் புழு தேடுவதை விட்டுவிட்டு, அது வெளியே வந்து நின்று கத்துகிறது. ஒருவர் எடுத்து முடித்ததும் அடுத்தவர், அவர் முடித்ததும் இன்னொருவர். பறவையின் மேல் காதல் என்று சொல்லிக்கொண்டு அதன் வயிற்றில் அடிக்கும் இந்த வேலையைச் செய்கிறவர்கள் கழுத்தில் தொங்கும் லென்ஸின் விலை இலட்சங்களில் இருக்கிறது.

கடற்கரைக்கு வாருங்கள். தை முதல் பங்குனி வரை, பங்குனி ஆமைகள் எனப்படும் கடலாமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்தவர்கள் 1988 முதல் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையில் இரவெல்லாம் மணலில் நடந்து, முட்டைகளைப் பத்திரமாக எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கிறார்கள். வார இறுதிகளில் பொதுமக்களையும் உடன் அழைத்துச் செல்கிறார்கள். அவர்கள் கேட்பதெல்லாம் விளக்கு வேண்டாம், சத்தம் வேண்டாம், ஆமையின் எதிரே போய் நிற்க வேண்டாம் என்பதுதான். குழி தோண்டும் முன் வெளிச்சத்தையோ ஆள் நடமாட்டத்தையோ கண்டால் ஆமை முட்டையிடாமலேயே கடலுக்குத் திரும்பிவிடும். பொரித்து வெளிவரும் குஞ்சு, வெளிச்சமாக இருக்கும் திசைதான் கடல் என்று நம்பி நடக்கும் இயல்புள்ளது. இவ்வளவையும் ஒருவர் நின்று நிதானமாக விளக்கி முடித்த ஐந்தாவது நிமிடத்தில், என் கண் முன்னாலேயே, கூட்டத்தில் ஒருவர் கைப்பேசியின் டார்ச்சைப் போட்டுக்கொண்டு ஓடினார். ஏன் என்று கேட்டால், "வீடியோ இருட்டாக வருகிறது" என்கிறார். சென்னைக் கரையில் 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியதைக் கண்ட பிறகும் இப்படி ஒரு பதில் வாயிலிருந்து வருகிறது.

பாம்புப் பண்ணையில் கண்ணாடியைத் தட்டுவதும், உயிரியல் பூங்காவில் உறங்கும் சிங்கத்தைப் பார்த்து உறுமிக் காட்டுவதும் எல்லோரும் அறிந்தவைதாம். அவற்றுக்கு இங்கே இடம் ஒதுக்கப் போவதில்லை.

இதையெல்லாம் எடுத்துச் சொன்னால் உடனே வரும் சமாதானம், "குழந்தைகள் என்றால் அப்படித்தான் இருப்பார்கள்" என்பது. இது அப்பட்டமான பொய். நான் பார்த்த வரையில், ஏரிக்கரையில் முதலில் குரலைத் தாழ்த்துகிறவர்கள் குழந்தைகள்தான். கூழைக்கடா தன் அலகுப் பைக்குள் குஞ்சின் தலை நுழையும்படி வாயைத் திறந்து ஊட்டுவதைக் கண்ட ஒரு சிறுமி, மூச்சுக்கூட விடாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்; "அங்கே பாரு, இங்கே பாரு, சிரி" என்று கத்தி அவளைத் திருப்பிப் படம் எடுத்தவர் அவள் தந்தை. பள்ளிகளிலிருந்து பேருந்து பேருந்தாக அழைத்து வருகிறவர்களுக்கும் இது பொருந்தும். இருநூறு பிள்ளைகளை ஒரே நேரத்தில் கரையில் வரிசையாக நடத்தி, ஆசிரியர் விசில் ஊதிக்கொண்டே கூட்டிச் சென்று, அரை மணி நேரத்தில் மீண்டும் பேருந்தில் ஏற்றினால், அந்தப் பிள்ளைகள் நாரைக்கும் கொக்குக்கும் என்ன வேறுபாடு என்பதைக்கூட அறியாமல்தான் வீடு திரும்புவார்கள்.

டிக்கெட் எடுத்தவருக்குக் கிடைப்பது உள்ளே வரும் அனுமதி மட்டும்தான். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் காட்டு விலங்குகளையும் பறவைகளையும் சீண்டுவதையும் குப்பை போடுவதையும் வெளிப்படையாகவே தடை செய்கிறது. ஆனால் சட்டத்தில் இருப்பது கரையில் நிற்பவருக்குத் தெரிய வேண்டுமானால் அங்கே ஒருவர் நின்று சொல்ல வேண்டும். நுழைவாயிலில் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பையைத் திறந்து பார்க்க முடியுமென்றால், ஸ்பீக்கரையும் ட்ரோனையும் வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுக்கவும் முடியும். இனப்பெருக்கக் காலத்தின் வார இறுதிகளில் மட்டுமாவது கரை நெடுகிலும் சீருடையணிந்த நான்கு பேர் நின்றால், கல்லை எடுக்கும் கை தானாக இறங்கும். பள்ளிப் பிள்ளைகளை இருபது இருபது பேராகப் பிரித்து, பறவைகளை நன்கறிந்த அந்த ஊர்க்காரர்களையே கூலி கொடுத்து வழிகாட்டிகளாக உடன் அனுப்பலாம். கல் எறிபவருக்கு அந்த இடத்திலேயே அபராதம் விதித்து ரசீதைக் கையில் கொடுத்தால், அதையும் அவர் வீடியோவாகப் போட்டுக்கொள்ளட்டும்.

இவற்றில் எதுவும் நடக்கும் வரை நான் செய்யக்கூடியது ஒன்றுதான் இருக்கிறது. கரையில் ஸ்பீக்கரை எடுத்து வைக்கிற ஒவ்வொருவரிடமும் நேரில் போய், அணையுங்கள் என்று சொல்லப் போகிறேன். வாக்குவாதம் வந்தால் வரட்டும்.