“செடிதானே, என்ன செய்துவிடும்?”

ஞாயிற்றுக்கிழமை அந்த நேரலையைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்பது தெரியும். மூட்டுவலிக்கு மூலிகைச் சூரணம் சொன்னவரிடம் நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: “இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் இதைச் சாப்பிடலாமா?” வந்த பதில், “செடிதானே, என்ன செய்துவிடும்?” என்பது. கூடவே, நான் மருந்துக் கம்பெனியிடம் காசு வாங்குகிறவன் என்ற பழியும் வந்து சேர்ந்தது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

செடி நிறையச் செய்யும். செய்வதால்தான் அதற்கு மருந்து என்று பெயர். வில்லோ மரப்பட்டை காய்ச்சலைத் தணிக்கிறது என்று எட்வர்ட் ஸ்டோன் என்ற பாதிரியார் 1763-இல் இலண்டனிலுள்ள ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்கு எழுதினார். 1828-இல் அந்தப் பட்டையிலிருந்து சாலிசின் என்ற வேதிப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அந்த வழியில் வந்ததுதான் 1899-இல் விற்பனைக்கு வந்த ஆஸ்பிரின். உடலில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள்கள் உருவாவதைத் தடுப்பதன் மூலம் அது வேலை செய்கிறது என்பதை 1971-இல் ஜான் வேன் என்ற ஆய்வாளர் கண்டறிந்தார். வலியையும் வீக்கத்தையும் தூண்டுகிற அந்தப் புரோஸ்டாகிளாண்டின்கள்தாம் இரைப்பையின் உட்சுவரையும் காக்கின்றன. ஆகவே வலியைத் தணிக்கும் செயலே வயிற்றில் புண்ணையும் உண்டாக்கக்கூடும். பக்கவிளைவே கிடையாது என்று ஒரு மூலிகையைப் பற்றிச் சொல்வது அதற்குப் பெருமை அன்று. அதன் வலிமையையே மறுப்பது.

செங்காந்தள் கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள கொல்ச்சிசின், யூரிக் அமிலப் படிகங்கள் மூட்டில் சேர்வதால் வரும் கடும் வலிக்கு இன்றும் மருத்துவர்கள் எழுதித் தருகிற மருந்து. அளவு சற்றுக் கூடினால் அதுவே உயிரைப் பறிக்கும். மஞ்சளிலோ அதன் மருந்துப் பொருளாகச் சொல்லப்படும் குர்குமின் எடையில் ஏறத்தாழ 3 சதவீதம்தான். அதையும் குடல் சரியாக உறிஞ்சுவதில்லை. அதனால் மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்துச் செறிவூட்டிய மாத்திரைகளாக விற்கிறார்கள். பைப்பரின் வேறு சில மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் உயர்த்தக்கூடியது. அத்தகைய மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. இவ்வளவும் தெரிந்த பிறகு “சாப்பிடலாமா?” என்று கேட்பது துரோகமா?

நான் ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவுக்கு முழங்கால் வலி. யாரோ கொடுத்த பழுப்பு நிறப் பொடியை வெந்நீரில் கலக்கிக் குடிக்கத் தொடங்கினார். பொட்டலத்தின் மேல் ஒரு பச்சை இலைப் படம் இருந்தது. உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. மூன்றாம் நாளே மாடிப்படி ஏறினார். நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம், நானும்தான். இரண்டு மாதத்தில் முகம் வட்டமாக உப்பிக் கண்கள் சிறுத்துவிட்டன, சர்க்கரை ஏறியது. பயந்துபோய்ப் பொடியைச் சட்டென்று நிறுத்தினோம். நான்காம் நாள் அவரால் கட்டிலிலிருந்து எழவே முடியவில்லை. பொடியைச் சோதித்தபோது அதில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்தது தெரிந்தது. வாரக்கணக்கில் ஸ்டீராய்டு உள்ளே போனால், உடலுக்குத் தேவையான ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும், அந்த நிலையில் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து என்பதை அன்றுதான் அறிந்தேன்.

“அது போலிப் பொடி, மூலிகையின் குற்றம் இல்லையே” என்பீர்கள். உண்மை, மூலிகையின் குற்றம் இல்லை. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கிறவனை எதிரியாக்கும் கூட்டத்தில்தான் அந்தப் போலி பிழைக்கிறது. “ஆங்கில மருந்து மட்டும் யோக்கியமா?” என்றும் கேட்பீர்கள். இல்லை. வலி மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் விழுங்கிச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் அந்தத் தீங்கு மாத்திரை அட்டையோடு வரும் தாளில் அச்சிடப்பட்டிருக்கிறது, அதைப் பற்றிக் கேட்டால் யாரும் என்னை விலைபோனவன் என்று சொல்வதில்லை. “ஆயிரம் ஆண்டு அனுபவம்” என்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அந்த அனுபவம்தான் சேர்க்கக் கூடாதவற்றையும், செங்காந்தள் கிழங்கை நச்சு நீக்கிச் சுத்தி செய்யாமல் தொடக்கூடாது என்பதையும் சொல்லி வைத்தது. எச்சரிக்கையை எறிந்துவிட்டுப் பெருமையை மட்டும் எடுத்துக்கொள்கிறவர்கள் நீங்கள்.

மருத்துவர்கள்மீதும் எனக்குக் கோபம் உண்டு. அம்மா அந்தப் பொடியைப் பற்றி மருத்துவரிடம் வாய் திறக்கவே இல்லை. முன்பு ஒருமுறை முழங்காலில் நொச்சியிலை ஒத்தடம் கொடுத்ததைச் சொன்னதற்கு அவர் எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டாராம். அதன்பின் பொட்டலம் தலையணை உறைக்குள் போனது. ஒரு பக்கம் அவமதிப்பு, மறுபக்கம் “செடிதானே” என்ற தைரியம். நடுவில் வலியோடு ஒரு கிழவி, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருந்தாள். அவளுக்காகத்தான் அன்று கேட்டேன், எந்தக் கம்பெனிக்காகவும் இல்லை.

வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் அந்தச் சூரணத்தைச் சாப்பிடலாமா? இன்னும் பதில் வரவில்லை.