நின்றாரா, நிப்பாட்டினார்களா?

கடையிலோ கராஜிலோ பேக்கரியிலோ துண்டுக் கடிதம்கூட இல்லாமல் வேலை செய்கிற ஒருவருக்கு வருத்தம் வந்து வேலை பறிபோனால், அதற்குப் பிறகு வருகிற வழக்கு முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் நடக்கும். ஆள் வேலையால் நின்றாரா, வேலையால் நிப்பாட்டினார்களா?

இலங்கையில் இது எப்படி நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஹார்ட்வெயார் கடையில் ஆறு வருடமாக நிற்கிற ஒருவருக்கு எலிக்காய்ச்சல். பத்து நாள் வாட்டில், பிறகு மூன்று கிழமை ஓய்வு. முதல் கிழமை முதலாளி போன் எடுத்து, "வடிவாச் சுகமாகிட்டு வாரும் தம்பி" என்கிறார். இரண்டாவது கிழமை போன் இல்லை. ஐந்தாவது கிழமை ஆள் கடைக்குப் போனால் கவுண்டரில் வேறொரு பெடியன். "நீர் வரேல்லைத்தானே, நான் ஆள் போட்டிட்டன்." திட்டவில்லை, கடிதம் கொடுக்கவில்லை, 'உம்மை நீக்குகிறேன்' என்ற சொல்லும் வரவில்லை. ஆள் பேசாமல் வீட்டுக்குத் திரும்புகிறார். அந்தப் பேசாமல் திரும்புகிற இடத்தில்தான் வழக்கில் பாதி தோற்றுப்போகிறது.

இந்த வழக்குகளை விசாரிக்கிற தொழில் நியாயசபையில், "ஓம், நான்தான் நிப்பாட்டினேன்" என்று முதலாளி ஒப்புக்கொண்டால், நிப்பாட்டியது நியாயம் என்று காட்டவேண்டிய சுமை அவர் தலையில். "நான் நிப்பாட்டவில்லை, ஆள்தான் வரவில்லை" என்று சொன்னால், நிப்பாட்டினார்கள் என்பதை முதலில் தொழிலாளி நிரூபிக்கவேண்டும். அதனால் கொஞ்சம் விவரம் தெரிந்த எந்த முதலாளியும் இரண்டாவதையே சொல்லுவார். ஆனால் 'தானாக வேலையை விட்டவர்' என்று ஒருவரைச் சொல்ல, வராமல் இருந்தது மட்டும் போதாது. வேலையை விடுகிற எண்ணமும் இருந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவருக்கு அந்த எண்ணம் இருக்கவில்லை என்று காட்டுவது கஷ்டமான காரியமல்ல, முதல் கிழமையிலேயே இரண்டு வரி எழுதி அனுப்பியிருந்தால்.

அந்த இரண்டு வரி இதுதான்: "இன்ன திகதியிலிருந்து இன்ன வைத்தியசாலையில் சிகிச்சை பெறுகிறேன். இன்ன திகதி வரை வைத்தியர் ஓய்வு எழுதியிருக்கிறார். அதன் பிறகு வேலைக்குத் திரும்புவேன். வேலையை விடும் எண்ணம் எனக்கு இல்லை." முதலாளியின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள், மெடிக்கலையும் (வைத்தியச் சான்றிதழ்) படம் எடுத்துக் கூடவே போடுங்கள். எழுந்து நடக்கக்கூடிய நாளில், அல்லது மனைவியையோ தம்பியையோ அனுப்பி, அதே கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டுத் துண்டை வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் ஏற்கப்படாமல் திரும்பி வந்தால் கவரைப் பிரிக்க வேண்டாம். பிரிக்காத கவருக்குத்தான் மதிப்பு.

மெடிக்கலில் பிழைக்கிற இடம் திகதி. வாட்டால் துண்டு வெட்டியது 12ஆம் திகதி, அடுத்த கிளினிக் 30ஆம் திகதி என்றால், இடையில் வருகிற 17 நாளுக்கு ஒரு கடதாசியும் இல்லாமல் இருக்கும். அந்த இடைவெளியைத்தான் முதலாளியின் சட்டத்தரணி பிடிப்பார். துண்டு வெட்டும்போதே எத்தனை நாள் ஓய்வு என்று எழுதித் தரும்படி வாட் டொக்டரிடம் கேளுங்கள். இரண்டு மாதம் கழித்து எங்கேயோ காசு கொடுத்து எடுத்த பழைய திகதி மெடிக்கல் உண்மையான வருத்தத்தையும் பொய்யாக்கிவிடும். டயக்னோசிஸ் காட்டின் ஒரிஜினலை யாரிடமும் கொடுக்க வேண்டாம், போட்டோக் கொப்பி போதும்.

சுகமாகித் திரும்பும்போது தனியாகப் போகாதீர்கள். ஒருவரைக் கூட்டிக்கொண்டு, வேலைக்குத் தகுதி என்ற வைத்தியர் துண்டோடு போங்கள். திருப்பி அனுப்பினால் அன்றைக்கே செய்தி போடுங்கள்: "இன்று காலை 8.30க்கு வேலைக்கு வந்தேன். வேறு ஆள் போட்டாயிற்று என்று சொல்லி என்னைத் திருப்பி அனுப்பினீர்கள்." முதலாளி பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை. நிப்பாட்டிய திகதி இப்போது உங்கள் கையில் இருக்கிறது, வழக்குப் போடுவதற்கான ஆறு மாதக் கணக்கு அங்கிருந்துதான் ஓடும்.

இனி, "நியமனக் கடிதம் இல்லையே, எனக்கு என்ன வழக்கு" என்ற பேச்சு. இதைப்போல முதலாளிமாருக்கு உதவுகிற மூடநம்பிக்கை வேறில்லை. கைத்தொழில் பிணக்குகள் சட்டம் வாய்மொழி ஒப்பந்தத்தையும் ஒப்பந்தமாகவே எடுக்கிறது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி வேலை நிபந்தனைகளை எழுதிக் கொடுக்கவேண்டியது முதலாளியின் கடமை. கொடுக்காதது அவர் குற்றம், உங்கள் குறை அல்ல. வேலை செய்ததைக் காட்ட வேறு வழி எத்தனையோ இருக்கிறது. சம்பளம் போட்ட வங்கிக் கணக்கு, 'நாளைக்கு ஏழுக்கு வாரும்' என்ற வாட்ஸ்அப், உங்கள் கையெழுத்தில் இருக்கிற பில் புத்தகத்தின் படம், சாமான் இறக்க வருகிற கொம்பனி ரெப்மார். நியாயசபை சாட்சிச் சட்டத்தின் கட்டுகளுக்குள் அடங்கியதல்ல. இப்படியான சில்லறைச் சான்றுகளையும் எடுத்துப் பார்க்கும்.

எந்தக் கதவைத் தட்டுவது என்பது கடையில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது. 15 பேருக்கு மேலோ, சரியாக 15 பேரோ வேலை செய்கிற இடத்தில், கடைசி 12 மாதத்தில் நீங்கள் 180 நாள் வேலை செய்திருந்தால், 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் உங்களைக் காக்கிறது. ஒழுக்கக் குற்றம் அல்லாத எந்தக் காரணத்துக்காகவும் நிப்பாட்டுவதென்றால் உங்கள் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி வேண்டும். வருத்தம் ஒழுக்கக் குற்றம் அல்ல. இரண்டும் இல்லாமல் நிப்பாட்டினால் அந்த நிப்பாட்டலே செல்லாது. இதற்கு முறைப்பாடு தொழில் திணைக்களத்தில்.

இந்தச் சட்டத்தின் கீழ் நட்ட ஈட்டுக்குச் சூத்திரமும் இருக்கிறது. முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம், ஆறாவதிலிருந்து பதினான்காவது வருடம் வரை இரண்டு மாதம், அதற்குமேல் படிப்படியாகக் குறைந்து மொத்தம் 48 மாதத்தில் நிற்கும். எட்டு வருடம் வேலை செய்து 40,000 ரூபா எடுத்தவருக்குக் கணக்குப் போடுங்கள்: பன்னிரண்டரையும் ஆறும் பதினெட்டரை மாதம், 7,40,000 ரூபா. முதலாளி கையில் திணிக்கிற 25,000த்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நம்முடைய கடைகளில் பாதிக்கு மேல் நாலு பேர், ஆறு பேர்தானே என்பீர்கள். அங்கே வேலை செய்கிறவருக்குத் தொழில் நியாயசபை. ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும் போகலாம். வீட்டு வேலைக்காரர்கூடப் போகலாம். மீண்டும் வேலை, வேலையில்லாமல் இருந்த காலத்துச் சம்பளம், அல்லது நட்ட ஈடு என்று 'நியாயமும் ஒப்புரவும்' பார்த்துக் கட்டளையிடும் அதிகாரம் அதற்கு உண்டு. மேலே சொன்ன சூத்திரம் இங்கே கட்டாயமில்லை, பேரம் பேச ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். விண்ணப்பம் டி படிவத்தில். சட்டத்தரணி வைக்கலாம், தொழிற்சங்கக்காரர் பேசலாம், நீங்களே நின்று பேசவும் உரிமை உண்டு. தமிழில் எழுதலாம், கொழும்பில் என்றால் மொழிபெயர்ப்பாளர் தேவை என்று முதல் தவணையிலேயே சொல்லிவிடுங்கள். வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் கேட்கலாம்.

காலக்கெடு ஆறு மாதம். தொழில் காரியாலயத்தில் முறைப்பாடு போட்டு, விசாரணைக்குக் கூப்பிடுவார்கள் என்று பார்த்திருந்து, முதலாளி மூன்று தவணை வராமல் விட்டு, ஏழாவது மாதம் நியாயசபைக்கு ஓடி வருகிறவர்களை என்ன செய்வது? காரியாலயத்து ஃபைல் நகர்கிற வேகத்துக்காக இந்த ஆறு மாதம் காத்திருக்காது. சின்னக் கடையில் வேலை செய்தவர் என்றால் முதல் மாதத்திலேயே நியாயசபையில் போட்டுவிடுங்கள். சம்பள பாக்கிக்கும் சேமலாப நிதிக்கும் (ஈ.பி.எஃப்) காரியாலயத்து முறைப்பாடு தன்பாட்டில் போகட்டும்.

விண்ணப்பத்தில் பலர் பிழைக்கிற இன்னொரு இடம் முதலாளியின் பெயர். போட்டில் 'ஸ்ரீ' ஏதோ 'ஸ்டோர்ஸ்' என்று இருக்கும். வியாபாரப் பதிவு தம்பியின் பெயரிலோ மனைவியின் பெயரிலோ இருக்கும். பிழையான பெயருக்கு எதிராகக் கட்டளை வாங்கினால் அதை வைத்து ஒரு சதமும் அறவிட முடியாமல் போகலாம். பதிவுச் சான்றிதழ் கடைச் சுவரில் தொங்கவேண்டும் என்பது சட்டம், சாமிப் படத்துக்குப் பக்கத்தில் பாருங்கள். கிடைக்காவிட்டால் பில் தலைப்பு, அதுவும் இல்லாவிட்டால் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

கையெழுத்து விஷயம் எல்லாவற்றிலும் பெரிய பொறி. "ஆஸ்பத்திரிச் செலவுக்கு வைத்துக்கொள்ளும்" என்று காசும், கூடவே ஒரு கடதாசியும் வரும். கொழும்பில் என்றால் அது சிங்களத்தில் இருக்கும். 'சொந்த விருப்பத்தில் விலகுகிறேன், எல்லாக் கொடுப்பனவும் பெற்றுக்கொண்டேன்' என்பதுதான் பெரும்பாலும் அதில் இருப்பது. அதில் ஒப்பம் வைத்தால் நீங்கள் நின்றவர் ஆகிவிடுகிறீர்கள். காசு தேவை என்றால் வாங்குங்கள், பிழையில்லை. ஆனால் "இன்ன தொகை பெற்றேன்" என்று மட்டும் உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள்.

வேலை போனதோ இல்லையோ, சேமலாப நிதி உங்களுடையது. ஒரே ஒருவர் வேலை செய்கிற கடைக்கும், நாட்சம்பளக்காரருக்கும் அது உண்டு, முதல் நாளிலிருந்தே உண்டு. (வீட்டு வேலைக்காரரை வெளியே விட்டிருக்கிறார்கள், அது தனிச் சண்டை.) உங்களிடமிருந்து 8 வீதம், முதலாளி 12 வீதம், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு (ஈ.டி.எஃப்) முதலாளியே இன்னொரு 3 வீதம். 40,000 ரூபாச் சம்பளத்துக்கு மாதம் 9,200. ஆறு வருடம் கட்டாமல் விட்டிருந்தால் அந்தச் சம்பளத்தில் 6,62,400 ரூபா. நேரத்துக்குக் கழிக்காமல் விட்ட உங்கள் 8 வீதத்தையும் முதலாளியே கட்டவேண்டும். பிந்தினால் 5 வீதத்தில் தொடங்கும் மேலதிகக் கட்டணம் ஒரு வருடம் தாண்டினால் 50 வீதம். இந்தக் கணக்கு தெரிந்த பிறகு எத்தனையோ முதலாளிமாருக்குப் பழைய ஆளின் அருமை ஞாபகம் வந்துவிடுகிறது. 15 பேருக்குக் குறையாத இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடையும் உண்டு: மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதம், நாட்சம்பளக்காரருக்கு 14 நாட் சம்பளம், 30 நாளுக்குள். சம்பளமே குறைவாக இருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள். 2026 ஜனவரியிலிருந்து ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபா.

சட்டத்தில் ஓட்டை இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். தனியார் துறைக்கு வருத்த லீவு என்று தனியாக ஒன்று நம் நாட்டில் இல்லை. கடை, காரியாலயச் சட்டத்தில் உள்ள ஏழு நாள் அமைய லீவுதான் (காஷுவல் லீவு), வருத்தத்துக்கும் அதுவே, செத்த வீட்டுக்கும் அதுவே. முதல் வருடக்காரருக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு நாள். அதற்குமேல் 14 நாள் வருடாந்த லீவைத் தின்னவேண்டும். வருத்தத்தைப் பெயர் சொல்லி வேலைநீக்கத்திலிருந்து காப்பது கர்ப்பமும் பிள்ளைப்பேறும் சம்பந்தப்பட்ட வருத்தத்துக்கு மட்டும்தான். டெங்குவுக்கும் நெஞ்சுவலிக்கும் சலரோகக் காலுக்கும் அப்படியொரு வரி இல்லை. அரச ஊழியருக்கு மெடிக்கல் லீவு என்பது சாதாரணம், பக்கத்துக் கடையில் மூட்டை தூக்குகிறவருக்கு ஏழு நாள். இதைத் திருத்தச் சொல்லி நம் பிரதிநிதிகள் ஒருவர்கூடப் பாராளுமன்றத்தில் மேசையில் தட்டியதாக என் காதில் விழவில்லை.

சின்ன முதலாளியின் பக்கமும் எனக்குத் தெரியும். நாலு பேர் கடையில் ஒருவர் ஒன்றரை மாதம் இல்லையென்றால் இடிதான். ஆனால் உள்ள லீவு தீர்ந்த பிறகு வராத நாட்களுக்குச் சம்பளம் கொடு என்று யாரும் கேட்கவில்லை, அது நோ பே. தற்காலிகமாக ஒருவரைப் போடுவதையும் யாரும் தடுக்கவில்லை. இடத்தை வைத்திருப்பதற்கு அவருக்கு ஆகிற செலவு சைபர். இனி ஒருபோதும் இந்த வேலை செய்ய முடியாது என்று வைத்தியரே எழுதுகிற கேஸ் வேறு. அப்போதும் கதிரையில் இருந்து செய்கிற பில் வேலையாவது கொடுத்துப் பார்த்தீரா என்று நியாயசபை கேட்கலாம். அந்த நிலைக்கு வந்தவர்களுக்கு ஒரு தகவல்: நிரந்தரமாக வேலை செய்ய இயலாது என்ற வைத்தியச் சான்றிதழ் இருந்தால் 55 வயது (பெண்கள் என்றால் 50) வரை காத்திருக்காமல் சேமலாப நிதியை எடுக்கலாம். அந்த அளவுக்கு இல்லாத பெரிய வருத்தம் என்றால், பத்து வருடம் கட்டி, கணக்கில் மூன்று இலட்சமாவது இருப்பவர்கள் சிகிச்சைக்கு 30 வீதம் வரை கேட்கலாம்.

யாராவது இப்போது வாட்டில் இருந்தபடி இதை வாசிக்கிறீர்கள் என்றால், மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம். அந்த இரண்டு வரியை இப்போதே முதலாளிக்கு அனுப்புங்கள், ஸ்கிரீன்ஷொட் எடுத்து வீட்டில் இன்னொருவருடைய போனுக்கும் அனுப்பி வையுங்கள். போன் தொலைந்தால் அதோடு எல்லாம் போய்விடும்.