ஜெட் ஏர்வேஸ்: விலகல் முன்பா, பின்பா?

தலைமைச் செயல் அதிகாரியும் நிதி அதிகாரியும் விலகியதால்தான் இந்தியத் தனியார் விமான நிறுவனமான ஜெட் ஏர்வேஸ் முடங்கியது என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது, கால வரிசையைத் தலைகீழாக்குகிறது. விமானங்கள் நின்றது 2019 ஏப்ரல் 17 அன்று. அவ்விருவரும் விலகியது மே மாதத்தில். நிறுவனர் நரேஷ் கோயல் மட்டும் மார்ச் 25 அன்றே இயக்குநர் குழுவிலிருந்து விலகினார், அதுவும் கடன் கொடுத்த வங்கிகளின் மீட்புத் திட்டத்தின் ஒரு பகுதியாக.

பெருங்குடி விமான நிலையத்தை நம்பிப் பிழைக்கும் நம் மதுரைக்காரர்கள் பலர் இதைப் படிப்பதால், காரணத்தைச் சரியாகச் சொல்வது அவசியம் என்று கருதுகிறேன். வங்கிகளுக்குச் சேர்ந்திருந்த 8,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட கடனும், குத்தகைப் பாக்கியால் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் நிறுத்தப்பட்ட விமானங்களும், விமானிகளுக்கும் பொறியாளர்களுக்கும் மாதக்கணக்கில் வராத சம்பளமுமே அந்த நிறுவனத்தை வீழ்த்தின. 2018-இல் அறிவிக்கப்பட்ட செலவுக் குறைப்பு, அந்தக் கடன் சுமைக்கு முன் மிகவும் காலந்தாழ்ந்த முயற்சியாகவே இருந்தது.