ஒரே சிட்டிங்கில் குதிகால் வலி போய்விடாது
ஷாக்வேவ் (கருவியின் முனையைத் தோலில் வைத்து அழுத்த அலைகளை உள்ளே செலுத்தும் சிகிச்சை) ஒரே சிட்டிங்கில் குதிகால் வலியைப் போக்கிவிடும் என்று யாராவது எழுதியிருப்பதை நம்பிப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். வழக்கமாக வாரத்துக்கு ஒன்றாக 3 முதல் 5 சிட்டிங், ஒவ்வொன்றிலும் சுமார் 2000 அதிர்வுகள். அன்றைக்கே வலி குறைந்தால், அது பெரும்பாலும் நரம்பு கொஞ்ச நேரம் மந்தப்படுவதால். உண்மையான பலன் தெரிய 6 முதல் 12 வாரம் பிடிக்கும். சிகிச்சையின்போது வலிக்குமே, மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டு செய்யலாமா என்று சிலருக்குத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். விரலால் அழுத்தும்போது எங்கே சுரீரென்கிறதோ அங்கேதான் கருவியின் முனையை வைக்க வேண்டும், மரத்த காலில் அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஊசி போட்டால் பலனும் குறைகிறது. குறைந்த அழுத்தத்தில் தொடங்கி, பல்லைக் கடித்துத் தாங்குமளவுக்கு மெல்ல ஏற்றினால் போதும். ஜெல் தாராளமாகத் தடவ வேண்டும், நடுவில் காற்று நின்றால் அலை உள்ளே இறங்காது. இன்னொன்று, ஷாக்வேவில் இரண்டு வகை உண்டு: அலை பரவலாகப் போகும் ரேடியல், உள்ளே ஓரிடத்தில் குவியும் ஃபோகஸ்ட். ரேடியல் வகையில் சக்தி தோலருகிலேயே அதிகம், ஆழத்தில் குறைந்துவிடும். அதனால் தோள்பட்டைத் தசைநாணில் சுண்ணாம்பு படிந்திருந்தால், அதற்கு ஃபோகஸ்ட் வகையே அதிகம் பொருத்தம். விளம்பரத்தில் எந்த வகை என்று போடாவிட்டால், கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். கூடவே பயிற்சியும் வேண்டும்: படியில் நின்று, விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, 3 விநாடியில் குதிகாலை உயர்த்தி, 2 விநாடி நிறுத்தி, 3 விநாடியில் இறக்குவது, ஒருநாள் விட்டு ஒருநாள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.