கொப்புடையாள் ஊரில் மேல்காது குத்தினால் குற்றமா?

பொங்கலுக்குக் காரைக்குடி வந்த அண்ணன் மகளின் வலது காதில் மட்டும் ஐந்து ஓட்டை. சோணையில் இரண்டு. மேல் விளிம்பில் ஒரு வளையம், அது ஹீலிக்ஸாம். காதுத் துவாரத்துக்குக் காவல் மாதிரி நிற்கும் குருத்தில் ஒரு பொட்டு, அது ட்ராகஸ். உள் மடிப்பில் குட்டியாக ஒன்று, டெய்த். போதாததற்கு மூக்கின் நடுத்தண்டில் லாடம் போல ஒரு வளையம். பெரியப்பா உடனே, "மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போட்ட மாதிரி இதென்ன கோலம்?" என்று ஆரம்பித்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முகப்பில் மாட்டியிருக்கும் படத்தில் அவரைப் பெற்றவர் இரண்டு காதிலும் கடுக்கனோடுதான் உட்கார்ந்திருக்கிறார். அதைவிட, இந்த ஊர் அம்மன் பெயரே கொப்புடைய நாயகி. கொப்பு என்பது மேல்காதில் போடும் நகை. அவளைக் கும்பிட்டுவிட்டு வந்து இவளைத் திட்டுகிறோம்.

மேல்காதுக்குக் கொப்பும் முருகும், மூக்குத் தண்டுக்குப் புல்லாக்கு என்று எப்போதோ பெயர் வைத்துவிட்டோம். இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்ட எம்.எஸ். சுப்புலட்சுமியை யாராவது ரௌடி என்றார்களா? சின்ன வயதில் எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்ற வரும் கிழவி தண்டட்டி போட்டிருப்பார். குனிந்து பால் அளக்கும்போது இரண்டும் முன்னால் வந்து ஆடும். ஒரு கையால் அதைத் தோளுக்குத் தள்ளிவிட்டு மறு கையால் ஊற்றுவார். உள்ளே அரக்கு அடைத்த தங்கத் தகடுதான் என்றாலும் கனம் கனம்தான். குணுக்கு என்ற பாரத்தை மாட்டி மாட்டிக் காது வளர்த்த கதையை அவர் சொல்லும்போது எனக்குத்தான் வலிக்கும்.

அதனால் எத்தனை ஓட்டை, எந்த இடம் என்பதில் எனக்குச் சண்டையே இல்லை. என் சண்டையெல்லாம் காது குத்தும் அந்தத் துப்பாக்கியோடுதான்.

2016இல் எனக்கும் ஆசை வந்தது. நாற்பதைத் தாண்டிய ஆசை. ஒரு நகைக்கடையில் துப்பாக்கியை வைத்து 'டப்' என்று மேல்காதில் அடித்தார்கள். மூன்றாம் நாள் காது கந்தரப்பம் மாதிரி சிவந்து உப்பிவிட்டது. சோணை வெறும் சதை, ஆறு எட்டு வாரத்தில் ஆறிவிடும். மேல்காது குருத்தெலும்பு. அதற்கென்று ரத்தக் குழாய் கிடையாது, மேலே போர்த்தியிருக்கும் சவ்வை நம்பித்தான் பிழைக்கிறது. நடுவில் சீழ் கோத்தால் அந்தச் சவ்வு விலகி, குருத்து பட்டினியில் செத்துப்போகும். இதையெல்லாம் மருத்துவர் சொன்னபோது காலம் கடந்துவிட்டது. இன்றும் என் காதின் மேல் ஓரம் கசங்கிய காகிதம் மாதிரிதான் இருக்கிறது, முடியை இழுத்துவிட்டு மறைக்கிறேன்.

துப்பாக்கி மழுங்கிய கம்மலை அழுத்திக் குருத்தை நசுக்குகிறது. அதன் பிளாஸ்டிக் உடம்பை, நீராவியில் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவில் வைக்கவும் முடியாது. இதற்காக ஆசாரிதான் சிறந்தவர் என்று சொல்ல வரவில்லை. குன்றக்குடியில் மாமன் மடியில் உட்காரவைத்து ஒரே கம்பியால் எத்தனை பிள்ளைக்குக் குத்தினார்கள் என்று நினைத்தால் இப்போது பயமாக இருக்கிறது. அண்ணன் மகள் போன இடத்தில் அவள் கண்ணெதிரே உறை பிரித்த உள்ளீடற்ற ஊசி, டைட்டானிய நகை, கழுவ உப்புத் தண்ணீர். எண்ணெய், மஞ்சள் எதுவும் வைக்கக் கூடாதாம். மேல்காது முழுதாக ஆற ஆறு மாதம் முதல் ஒரு வருடம். அதுவரை அந்தப் பக்கம் படுக்கவும் கூடாது. டெய்த் குத்தினால் ஒற்றைத் தலைவலி போகும் என்றாள். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை, அழகுக்குப் போடு, போதும் என்றேன். முறைத்தாள்.

அப்புறம் ஒன்று. பெரியப்பா கூடத்துக்கு வந்தால் அந்த லாடத்தை மேலே திருப்பி மூக்குக்குள் ஒளித்துக்கொள்வாள், வெளியே ஒன்றும் தெரியாது. மூன்றாம் நாள் ஆத்தா கண்டுபிடித்துவிட்டார், அவளுக்கு அப்பத்தா. எண்பத்தாறு வயது. பக்கத்தில் கூப்பிட்டு மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, "புல்லாக்கை ஏன்டி உள்ள தள்ளி வச்சிருக்க? இறக்கு, பாப்போம்" என்றார். இறக்கினாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "முத்து எங்க?" என்று கேட்டார்.