சித்தாள் என்ற சொல்லும் 600 ரூபாயும்

திருச்சியில் எங்கள் வீட்டின் மேல்தளத்தைக் கட்டி முடிக்க ஏறத்தாழ ஐந்து மாதங்கள் ஆயின. சனிக்கிழமை மாலைதோறும் மேஸ்திரி ஒரு சிறிய நோட்டைக் கொண்டுவந்து வாரக் கணக்கைப் படிப்பார். நான் பணத்தை எண்ணிக் கொடுப்பேன். கொத்தனாருக்கு நாளொன்றுக்கு 1,100 ரூபாய், பெரியாளுக்கு 800, சித்தாளுக்கு 600. முதல் ஆறு வாரங்கள் இந்தக் கணக்கில் கேட்பதற்கு ஏதோ இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை. நான் அரசுப் பள்ளி ஆசிரியை. ஒரே பணிநிலையில், ஒரே பணிக்காலம் உள்ள ஆண் ஆசிரியருக்கும் எனக்கும் ஊதியத்தில் ஒரு ரூபாய்கூட வேறுபாடு கிடையாது. அந்தச் சமத்துவத்தை மாதந்தோறும் வாங்கிக்கொண்டே, என் வாசலில் நின்ற பெண்ணுக்கு 200 ரூபாய் குறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கட்டட வேலை தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். கொத்தனாருக்கு உதவியாக வரும் ஆண் பெரியாள், பெண் சித்தாள். சிறு ஆள் என்பதுதான் சித்தாள். எங்கள் வீட்டுக்குப் பெரியாளாக வந்த தம்பிக்கு இருபத்திரண்டு வயது. சித்தாளாக வந்த அக்கா நாற்பத்தைந்தைக் கடந்தவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதே வேலை. கூலியைப் பேசுவதற்கு முன்பே, பெயரிலேயே அவருடைய இடம் முடிவாகிவிடுகிறது.

கொத்தனார்கள் ஒன்பது மணிக்கு வருவார்கள். அக்கா எட்டரைக்கே வந்து, முந்தின நாள் கட்டிய சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருப்பார். சேலைக்கு மேல் முழுக்கை சட்டை, தலையில் பழைய துணியைச் சுருட்டிவைத்த சும்மாடு. செங்கல் நனைப்பது, மணல் சலிப்பது, கலவைச் சட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, கைப்பிடிச் சுவர் எழும்பாத படியில் மேலே போய்க் கொட்டிவிட்டு வருவது என்று நாள் முழுவதும் ஓயாத நடை. மாலையில் கொத்தனார்கள் கைகால் கழுவிக்கொண்டு வண்டியை எடுத்த பிறகும், கலவையை அள்ளிப் பூசும் கரணையையும் பூச்சைத் தேய்க்கும் மணியாஸ் கட்டையையும் கழுவி வைத்துவிட்டுத்தான் அவர் கிளம்புவார்.

ஏழாவது வாரம் மேஸ்திரியிடம் காரணம் கேட்டேன். ஆண்கள் கனமான வேலையைச் செய்கிறார்கள் என்றார். அந்தத் தம்பி 50 கிலோ சிமெண்ட் மூட்டையைத் தூக்குவது உண்மைதான். ஆனால் அது நாளில் சில முறை. அக்கா சுமந்த சட்டிகளின் எடையைக் கூட்டினால் எத்தனை மூட்டை தேறும் என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. மேலும், கனம்தான் கூலியைத் தீர்மானிக்கிறது என்றால், எல்லாரையும்விடக் குறைவாகச் சுமக்கும் கொத்தனாருக்கு எல்லாரையும்விடக் கூடுதலாகக் கொடுக்கிறோமே, அது எதற்கு? அவருடைய கைத்திறனுக்கு. அந்த மரியாதை நியாயமானது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. எனக்கு உறுத்தியது, அந்தத் திறனுக்குப் போகும் வழி யாருக்குத் திறந்திருக்கிறது என்பதுதான்.

கொத்து வேலையை யாரும் கல்லூரியில் படித்து வருவதில்லை. பெரியாளாக வரும் பையனிடம், ஒரு நாள் கொத்தனார் டீ குடிக்கப் போகும்போது, "இந்த மூலையைக் கொஞ்சம் பூசுடா" என்று கரணையைக் கொடுத்துவிட்டுப் போவார். கோணலாகப் பூசினால் திட்டுவார், மறுபடி கொடுப்பார். சில ஆண்டுகளில் அந்தப் பையன் தனியாகச் சுவர் எழுப்புகிறான், கூலி ஏறுகிறது, வாய்ப்பிருந்தால் மேஸ்திரியும் ஆகிறான். அதே தளத்தில், அதே கலவையை, அவனைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாகக் கையாண்ட பெண்ணிடம் யாரும் கரணையை நீட்டுவதில்லை. அவர் முதல் நாள் எந்த வேலைக்கு வந்தாரோ, முழங்கால் தேய்ந்து வேலையை விடும் நாளிலும் அதே வேலையில்தான் இருக்கிறார். 200 ரூபாய் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும் அநீதி. ஓர் ஆயுள் முழுவதும் ஒரு படிகூட ஏறவிடாமல் நிறுத்திவைப்பது அதைவிடப் பெரிய அநீதி. அது எந்தச் சனிக்கிழமைக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை.

ஒரு நாள் மதியம் கொத்தனார்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஜன்னலுக்கு அடியில் சிறிது இடம் பூசாமல் இருந்தது. சட்டியில் மீந்த கலவை இறுகத் தொடங்கியிருந்தது. அக்கா கரணையை எடுத்து வீசி அடித்து, கட்டையால் இழுத்து, தண்ணீர் தெளித்துத் தேய்த்து முடித்துவிட்டார். மேலே கொத்தனார் பூசிய பகுதிக்கும் கீழே அவர் பூசிய பகுதிக்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. வியந்து கேட்டபோது அவர் சொன்னார்: "கைக்கு வரும் டீச்சர். கரணையத்தான் யாரும் தர மாட்டாங்க."

சட்டம் இல்லாமல் இல்லை. அரசியலமைப்பின் 39ஆவது பிரிவு, ஆண் பெண் இருவருக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்பதை அரசின் வழிகாட்டு நெறியாக வைத்திருக்கிறது. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம், ஒரே வேலை என்பதோடு நில்லாமல், திறனிலும் உழைப்பிலும் பொறுப்பிலும் ஒத்த தன்மையுள்ள வேலைக்கும் சம ஊதியம் தரவேண்டும் என்றது. 1987இல் திருத்தப்பட்டபோது, பதவி உயர்விலும் பயிற்சியிலும்கூடப் பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக்கூடாது என்று சேர்க்கப்பட்டது. அதே 1987இல் மெக்கின்னன் மெக்கன்சி வழக்கில், பெண் சுருக்கெழுத்தாளர்களுக்குக் குறைவாகக் கொடுத்த நிறுவனம், அந்தப் பணியிடத்தில் ஆண்களே இல்லை, ஆகவே ஒப்பிட முடியாது என்று வாதிட்டது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பெரியாள், சித்தாள் என்ற பிரிவினையைப் பார்க்கும்போது எனக்கு அந்த வாதம்தான் நினைவுக்கு வருகிறது. வேலைக்கு வேறு பெயர் வைத்துவிட்டால் ஒப்பிடவே தேவையில்லை என்ற அதே தந்திரம். 1976ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டது. ஆனால் எழுத்துமூலம் ஒப்பந்தம் இல்லாத, ஊதியச் சீட்டு இல்லாத, மேஸ்திரியின் நோட்டு மட்டுமே சாட்சியாக இருக்கும் ஒரு வேலைத்தளத்தில் எந்தச் சட்டத்தை யார் போய்க் காட்டுவது?

குழந்தைகள் காப்பகத்தையும் சொல்ல வேண்டும். 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம், ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தளத்தில்தான் அதைக் கட்டாயமாக்கியிருந்தது. ஊரில் நடக்கும் வீட்டு வேலைகளில் ஒன்றோ இரண்டோ சித்தாள்கள்தான் இருப்பார்கள். அங்கே பிள்ளைக்கு வேப்பமரக் கிளையில் கட்டிய தூளிதான் காப்பகம்.

பெண்களால் சாரத்தில் ஏற முடியாது, சுவர் நேராக வராது என்று சொல்பவர்கள் ஜார்க்கண்டைப் பார்க்கலாம். அங்கே கழிப்பறை கட்டும் திட்டத்தில் கொத்து வேலை கற்ற கிராமத்துப் பெண்களை 'ராணி மிஸ்திரி' என்று அழைக்கிறார்கள். கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற அரசு மகளிர் திட்டத்தின் பெண்கள் குழுக்கள் முழு வீட்டையே கட்டி ஒப்படைத்திருக்கின்றன. நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேல் பெண்களாக இருந்ததற்கு, வேலை வீட்டருகே கிடைத்தது ஒரு காரணம் என்றால், அங்கே பெண்ணுக்கென்று தனியாக ஒரு குறைந்த கூலி இல்லாதது இன்னொரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

வீடு கட்டும் நண்பர்களிடம் நான் கேட்பது இரண்டுதான். வேலை பேசும்போதே உதவியாளர் கூலி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான் என்று பேசிவிடுங்கள். பூச்சு வேலையில் ஒரு சுவரையாவது, கற்றுக்கொள்ள விரும்பும் சித்தாளுக்கு விடச் சொல்லுங்கள். பணம் நம் கையிலிருந்துதான் போகிறது. கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

நான் கேட்டபோது மேஸ்திரி தயங்கினார். இங்கே 800 கொடுத்தால் மற்ற இடங்களிலும் கேட்பார்கள் என்றார். பிறகு இறங்கிவந்தார். கடைசி இரண்டு மாதங்கள் அக்காவுக்கு 800 ரூபாய் கிடைத்தது. சுற்றுச்சுவரின் உட்பக்கத்தில் பன்னிரண்டு அடியை அவரே பூசினார். மேஸ்திரி மட்டப்பலகையை வைத்து இரண்டு முறை பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தார்.

எங்கள் வேலை முடிந்த அடுத்த வாரம், இரண்டு தெரு தள்ளி ஒரு புது வீட்டில் அக்காவைப் பார்த்தேன். தலையில் கலவைச் சட்டி இருந்தது. கூலி எவ்வளவு என்று கேட்டேன். பழையபடி 600 என்றார்.